எதிர்வாதிக்கு எழுதிக் கொடுத்த பவர்

விசா வந்த அன்று என் அம்மா அழுதாள். என் வீட்டுக்காரர் தெருவில் வருவோர் போவோருக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். நான் மட்டும் மனையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம். இருபது நாளில் கிளம்ப வேண்டும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் ஒரு மனைக்கு அப்போதுதான் அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். எட்டு வருஷம் ஊரில் பாதிப் பேருக்கு ஊசி குத்திச் சேர்த்தது அது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாடகை வீடு. சுவரில் ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதென்றாலும் ஓனரம்மாவிடம் கேட்க வேண்டும். எனக்கென்று ஒரு சுவர் வேண்டும், அதில் நான் நினைத்த இடத்தில் ஆணி அடிக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

மனையை விற்பவர்கள் அண்ணன் தம்பி நான்கு பேர். ஒருவர் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார், ஒருவருக்கு மங்கலம்பேட்டையில் கடை, மற்ற இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. நான்கு பேரும் ஒன்றாக ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வர ஒத்துக்கொள்கிற தேதி எதுவும் என் விமானத்துக்கு முன்னால் வருவதாக இல்லை.

"அதுக்கென்னம்மா, பவர் எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார் பத்திர எழுத்தர். "நம்பிக்கையான ஆளா இருக்கணும். அவங்க போடுற கையெழுத்து நீங்க போட்ட கையெழுத்து. உங்க வூட்டுக்காரரு பேருக்கே எழுதிடட்டுமா?"

என் வீட்டுக்காரர் தங்கமானவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் யார் பேனாவை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். தெருக்குழாயைக் கிழக்கு முனையில் வைக்க வேண்டும் என்ற மனுவிலும், மேற்கு முனையில் வைக்க வேண்டும் என்ற மனுவிலும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டவர். இரண்டு கட்சியும் சேர்ந்து வந்து வாசலில் நின்றபோது, "ரெண்டு பக்கமுமே பாவம் கஷ்டப்படுறாங்க" என்றார். இன்னொரு தடவை ஜெராக்ஸ் எடுக்க ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கம் போனவர், முன்பின் தெரியாத ஒரு ஜோடியின் பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். மறுநாள் அந்தப் பெண்ணின் மாமன்மார் மூன்று பைக்கில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். இவர் கையில் பவரைக் கொடுத்தால் நான் மஸ்கட்டில் இறங்குவதற்குள் என் மனை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நகர்ந்துவிடும்.

வேறு யார் என்று இரண்டு நாள் யோசித்தேன். அம்மாவுக்கு ஆபீஸ் என்றாலே மயக்கம் வரும். எப்படி யோசித்தாலும் ஒரே முகம்தான் வந்து நின்றது. அந்த முகத்தோடு நான் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவர் என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளையிலிருந்து வெளிவரும் ஃபியூஸ் கட்டைகளைத் தரம் பார்ப்பது அவர் வேலை. ஒவ்வொன்றையும் இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது கை நகத்தால் ஒரு தட்டு. 'டிங்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது, கழித்துவிட வேண்டும். பதினைந்து வருஷம் இதைச் செய்து செய்து, அவர் எதைப் பார்த்தாலும் தட்டுவார். தேங்காயைத் தட்டுவார், செம்பைத் தட்டுவார், பெண் பார்க்கப் போன இடத்தில் அவர்கள் வீட்டுப் பீரோவைத் தட்டியதாகச் சொல்வார்கள். யாரும் அவரை ஏமாற்றி நான் பார்த்ததில்லை. பஸ் கண்டக்டர் சில்லறை தராமல் இறங்கிப் போன கதையெல்லாம் அவர் வாழ்க்கையில் கிடையாது.

அவரோடு எனக்குச் சண்டை வந்தது ஓர் இட்லிக் குண்டான் மூடியால். சொன்னால் சிரிப்பீர்கள், அன்று நான் சிரிக்கவில்லை.

அண்ணி மகளின் மஞ்சள் நீராட்டுக்கு என் பெரிய இட்லிக் குண்டானைக் கேட்டார்கள், கொடுத்தேன். என் அம்மா சீராகக் கொடுத்தது, மூடியில் பேர் வெட்டியிருக்கும். விசேஷம் முடிந்து ஆட்டோவில் பாத்திரங்கள் திரும்பி வந்தன. குண்டான் வந்தது, தட்டுகள் வந்தன, மூடி இல்லை. கேட்டால், "எல்லாம் எண்ணித்தான் ஏத்திவுட்டேன்" என்றார் அண்ணி. "எண்ணினா மூடி எங்கங்க?" என்றேன். "அப்ப நான் திருடின்னு சொல்றியா?" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அதுதான் தப்பு. அதன் பிறகு ஒரே அறையில் உட்கார்ந்திருந்தாலும், "தம்பி, உன் பொண்டாட்டிகிட்ட ஃபேனு சுச்சியப் போடச் சொல்லு" என்று என் வீட்டுக்காரர் வழியாகத்தான் பேச்சு. அவரும் இரண்டு பக்கச் செய்தியையும் சலிக்காமல் கொண்டு போய்ச் சேர்ப்பார்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. நான் அத்தோடு விட்டேனா? மறுவாரமே மணவாளநல்லூர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மணவாளநல்லூரில் முருகனுக்குக் கொளஞ்சியப்பர் என்று பெயர். அவரிடம் வேண்டுதலை வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது, எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னார் மேல் இன்ன குறை என்று பேர், ஊர், விலாசத்தோடு மனு எழுதி, சாமி காலடியில் வைத்து, மடித்து நூலால் வேலில் கட்டிவிட வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் வீடு கோயிலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்த்து அதற்கொரு சின்னக் கட்டணம் உண்டு. சாமியும் அவ்வளவு தூரம் போய் விசாரித்து வர வேண்டுமல்லவா. மூன்று மாதத்துக்குள் காரியம் முடிந்துவிடும் என்பது நம்பிக்கை. முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போய், பிராதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று இன்னொரு தாள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பெயர். ராஜினாமா பண்ணாமல் விட்டால் வழக்கு நம் பக்கமே திரும்பும் என்பார்கள்.

மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. தண்ணீரில் நாற்றம் வருகிறதே என்று மொட்டை மாடிக்கு ஏறினேன். தொட்டியின் வாய் உடைந்திருந்தது. அந்த உடைசலை மறைத்துக்கொண்டு, ஒரு செங்கல்லைத் தலையில் சுமந்தபடி, என் அம்மா பேர் வெட்டிய மூடி உட்கார்ந்திருந்தது. ஆட்டோவிலிருந்து பாத்திரங்களை இறக்கியவர் என் வீட்டுக்காரர். தொட்டிக்கு அளவாக ஒரு மூடி கண்ணில் பட்டதும் எடுத்துக்கொண்டு போய்ப் போட்டிருக்கிறார். போட்டதை மறந்தும் போயிருக்கிறார்.

கொளஞ்சியப்பர் தன் வேலையைக் கெடு தவறாமல் முடித்துவிட்டார். நான்தான் முடிக்கவில்லை. அண்ணியிடம் போய், மூடி கிடைத்துவிட்டது, தப்பு என்மேல் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால் அடுத்த பஸ்ஸில் அது அண்ணி வீடு போய்ச் சேரும். மூடியைக் கழுவித் துடைத்து, பழைய புடவையில் சுற்றி, டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, தாம்பாளத்தைக் கவிழ்த்து மூடி இட்லி அவித்துக்கொண்டிருந்தேன். ராஜினாமாவுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை போகலாம், அதற்கடுத்த கிருத்திகைக்குப் போகலாம் என்று நாள் போய்க்கொண்டேயிருந்தது.

அந்த நிலையில்தான் அண்ணி பேருக்குப் பவர் எழுதலாமா என்று கேட்கப் போனேன். "பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கிறியேடி" என்றாள் என் அம்மா. பூனை யார் என்று எனக்கல்லவா தெரியும்.

அண்ணி வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். நகத்தால் தட்டிப் பார்த்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

"என்னத்தான் திருடிங்கிறியே. எங்கிட்ட வந்து நிக்கிற?"

"உங்கள யாரும் ஏமாத்த முடியாதுங்க அண்ணி."

"அது சரி" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "டீ போடு, அத்தை வந்துருக்காங்க" என்று மகளிடம் சொன்னார்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் ரிஜிஸ்டர் ஆபீஸ் போனோம். அதற்கு முன்பு, எழுதி வைத்திருந்த பவரை வரிவரியாகப் படித்துக் காட்டச் சொன்னார் அண்ணி. ஒவ்வொரு வரிக்கும் தாளில் நகத்தால் ஒரு தட்டு.

"மேற்படி சொத்தை வாங்கவும், விற்கவும், அடமானம் வைக்கவும்..." என்று பத்திர எழுத்தர் படித்துக்கொண்டு வந்தார்.

டொக்.

"விக்கிறதுக்கு எனக்கு எதுக்கு அதிகாரம்? வெட்டுங்க."

"எல்லாப் பவர்லயும் இருக்கிறதும்மா. டைப்புல தன்னால வந்துடும்."

"வந்தா எடுங்க. நாளைக்கு எனக்கே புத்தி கெட்டுப்போச்சின்னா?"

பத்திர எழுத்தர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அதிகாரத்தைக் குறைக்கச் சொன்ன ஏஜென்டை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். விற்பது போனது, அடமானம் போனது, வாடகைக்கு விடுவதும் போனது. மிச்சமிருந்ததைப் படித்தார். "எல்லா அலுவலகங்களிலும் என் சார்பாக ஆஜராகவும், மனுக்கள் தாக்கல் செய்யவும், நான் தாக்கல் செய்த மனுக்களை வாபஸ் பெறவும், இவை யாவும் நானே நேரில் செய்தது போல என்னைக் கட்டுப்படுத்தும்."

"இது இருக்கட்டும்" என்றார் அண்ணி. "தெருக்குழா மனுவுக்கு ஆவும்."

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி இருந்தது. அன்று மத்தியானம் எப்படியாவது மணவாளநல்லூர் போய் ராஜினாமா பண்ணிவிட வேண்டும் என்றுதான் கிளம்பியிருந்தேன். ஆனால் ரிஜிஸ்டர் ஆபீசில் கரண்ட் போய், கரண்ட் வந்து, கம்ப்யூட்டர் வராமல், எங்கள் முறை வந்து பெருவிரல் ரேகை வைக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. என் பிராது வேலில் அப்படியே தொங்க, நான் சென்னைக்கு பஸ் ஏறினேன்.

மஸ்கட்டில் இறங்கியபோது என் பெட்டி மட்டும் இறங்கவில்லை. அது வேறொரு நாட்டுக்குப் போய், ஒன்பது நாள் கழித்து, உள்ளே பருப்புப் பொடியும் யூனிஃபாரமும் ஒன்றாகக் கலந்த நிலையில் வந்து சேர்ந்தது. மூன்று நாள் மஞ்சள் யூனிஃபாரத்தில் டியூட்டி பார்த்தேன். அதைக்கூடத் தற்செயல் என்று விட்டிருப்பேன். பத்திரப் பதிவும் தள்ளிக்கொண்டே போனது. முதல் தேதியில் ஆலைக்காரருக்குக் கரும்பு சீசன், லீவு இல்லை. இரண்டாவது தேதியில், பேசிக்கொள்ளாத தம்பிகள் இருவரும் ஆபீஸ் வாசலில் பேசிக்கொண்டுவிட்டார்கள், அது கைகலப்பில் முடிந்தது. மூன்றாவது தேதியில் நான்கு பேரும் வந்து, ஒழுங்காக வரிசையில் நின்றார்கள், கரண்ட் போய்விட்டது. இனி ஒரு தடவைதான் வருவோம், அதிலும் முடியவில்லை என்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு ஆளுக்கு விற்றுவிடுவோம் என்று அண்ணன் தம்பிகள் முதல்முறையாக ஒரே குரலில் சொன்னார்களாம்.

கரும்புக்கும் கரண்டுக்கும் காரணம் தெரியாதவள் அல்ல நான். ஊசியும் மருந்தும் படித்தவள். ஆனாலும் அறைக்குத் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்தால், வேலில் தொங்கும் அந்தத் தாள்தான் கண்ணில் ஆடியது. அதை அவிழ்க்காமல் மனை முடியாது என்று மனசு அடித்துச் சொன்னது. அவிழ்க்க என்னால் போக முடியாது. எனக்குப் பதிலாகப் போக அதிகாரம் உள்ளவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரிடம் சொன்னால் பவர் பத்திரத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாலும் போடுவார். சொல்லாவிட்டால் மனை போச்சு, சொன்னாலும் மனை போச்சு. இரண்டு வெள்ளிக்கிழமை போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கு அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. மூன்றாவது வெள்ளிக்கிழமை போன் கார்டைச் சுரண்டி, அண்ணி வீட்டு நம்பரை அழுத்தினேன். கடைசித் தேதி வரும் வியாழக்கிழமை.

"அண்ணி, ஒரு விஷயம் சொல்லணுங்க."

"சொல்லு. கார்டுல காசு ஓடுது."

"மூடி கெடச்சிடுச்சிங்க."

"எந்த மூடி?"

ஒரு வருஷமாக அவர் மனசில் வேறு மூடி இருந்திருக்க வழியில்லை.

"இட்லிக் குண்டான் மூடி. எங்க தண்ணித் தொட்டி மேல இருந்துது. உங்க தம்பிதான் வச்சிருக்காரு."

"எப்ப கெடச்சுது?"

"போன வருசம்."

அந்தப் பக்கம் கோழி ஒன்று கத்துவது கேட்டது. பாதியில் நிறுத்தினால் மறுபடி தைரியம் வராது என்று கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னேன்.

"இன்னொண்ணும் இருக்குதுங்க. கொளஞ்சியப்பர் கோயில்ல அதுக்குப் பிராது கட்டிட்டேன். அத ராஜினாமா பண்ணணும்."

"யாரு மேல கட்டுன?"

அந்த நேரம் பார்த்துக் கார்டுக்காரியின் குரல் நடுவில் புகுந்து, முதலில் அரபியிலும் பிறகு இங்கிலீஷிலும், இன்னும் ஒரு நிமிஷம்தான் இருக்கிறது என்று சொன்னது.

"உங்க மேலதாங்க அண்ணி."

"எங்க வூட்டு அட்ரசப் போட்டா?"

"ஆமாங்க."

"கிலோமீட்டர் கணக்குக் கட்டுனியா?"

"கட்டுனேங்க. எட்டு கிலோமீட்டரு."

"எட்டா? எங்க வூடு ஆறுதான்டி!"

லைன் அறுந்துவிட்டது. கார்டு தீர்ந்ததா, அவர் வைத்துவிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் நான் நோயாளிகளுக்குப் போட்ட ஊசியெல்லாம் சரியான இடத்தில் இறங்கியது கடவுள் புண்ணியம். வீட்டுக்காரரின் செல்லுக்குப் போட்டால், யாரோ ஒரு மலையாளி எடுத்து, இந்த நம்பரை ஓர் அண்ணன் இரவல் கொடுத்திருக்கிறார் என்றான். அண்ணி வீட்டு போன் அடித்து அடித்து நின்றது. வியாழக்கிழமை பூராவும், இப்போது பத்து மணி, ஆபீஸ் திறந்திருப்பார்கள், இப்போது மத்தியானம், இப்போது மூடியிருப்பார்கள் என்று ஊர் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். என் சுவர், என் ஆணி எல்லாம் போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். அதைவிட, அண்ணி இனி என் முகத்தில் விழிக்க மாட்டார் என்பது ஏனோ கூடுதலாக வலித்தது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரரே கூப்பிட்டார், யாருடைய போனிலிருந்தோ.

"என்னாச்சிங்க?" என்றேன்.

"ஒரு குறையும் இல்ல, இங்க மழ" என்றார். அவரிடம் ஒரு செய்தியை வாங்குவதற்குள் உயிர் போய்விடும். கேட்டுக் கேட்டு வாங்கியதைச் சுருக்கிச் சொல்கிறேன்.

புதன்கிழமை அண்ணி கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, தம்பியின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து மணவாளநல்லூர் போயிருக்கிறார். கையில் பவர் பத்திரம். பிராது எழுதுகிற இடத்தில் இருந்த பெரியவர், கட்டியவரே வந்து ராஜினாமா பண்ணுவதுதான் வழக்கம் என்று பணிவாகத்தான் சொல்லியிருக்கிறார்.

"அவ மஸ்கட்டுல இருக்கா. இதப் படிங்க. எல்லா ஆபீஸ்லயும்னு போட்டுருக்குது. இது ஆபீஸ் இல்லியா?"

"கோயிலும்மா."

"மனு வாங்குறீங்க. அட்ரஸ் கேக்குறீங்க. தூரத்துக்குக் கட்டணம் வாங்குறீங்க. அப்ப ஆபீஸ்தான?"

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பவரை முழுசாகப் படித்திருக்கிறார்.

"சரிம்மா. எதிர்வாதி யாரு? அவங்க பேரச் சொல்லுங்க."

"நான்தான்."

"நீங்க வாதியோட ஏஜென்டு இல்ல?"

"ஏஜென்டும் நான்தான், எதிர்வாதியும் நான்தான்."

பெரியவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டிருக்கிறார். "சாட்சிங்க" என்று இவர் பேனாவுக்குக் கை நீட்டியிருக்கிறார். கடைசியில் குருக்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் ரொம்ப யோசிக்கவில்லை. "திட்டு வாங்கினவாளே வந்து போதும்னு சொல்றா. சாமிக்கு இதைவிட வேற என்ன வேணும்? வச்சுக் குடுக்கறேன்" என்றாராம். அங்கிருந்தே ஒரு தாளை வாங்கி, அண்ணி தானே ராஜினாமாவை எழுதிச் சாமி காலடியில் வைத்து வாங்கிக்கொண்டு வந்தார்.

"என்னா எழுதுனாங்க?" என்றேன்.

"அக்கா காட்ட மாட்டேன்னுடுச்சி" என்றார்.

மறுநாள் பதிவு. நான்கு பேரும் வந்தார்கள், கரண்ட் இருந்தது. எழுதிய பத்திரத்தை அண்ணி வரிவரியாகத் தட்டிக்கொண்டு வந்து நான்கெல்லையில் நின்றுவிட்டார். வடக்கே வேலி, கிழக்கே பாதை என்று இருக்க வேண்டியது, வடக்கே பாதை, கிழக்கே வேலி என்றிருந்தது. பார்ப்பவர்களுக்கு அது சும்மா ஒரு மாற்றம். அண்ணிக்கு அது வேறு மனை.

"இது பக்கத்துப் பள்ளமாச்சே" என்றார்.

"எல்லாம் ஒண்ணுதாம்மா, மண்ணடிச்சி மேடாக்கியாச்சி" என்று அண்ணன் தம்பிகளில் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

"மண்ணா? பதினஞ்சி வருசமா எங்க கம்பெனி ஒடசலு பூரா அங்கதான் கொட்டுனாங்க. அத்தன ஃபியூஸ் கட்டையும் நான் தட்டிப் பாத்துக் கழிச்சது. அதுமேல எங்க வூட்டுப் பொண்ணு வூடு கட்டுமா?"

தெரிந்து மாற்றினார்களா, டைப் அடித்ததில் மாறியதா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அடுத்த அரை மணி நேரத்தில் பத்திரம் திருத்தப்பட்டது. என் வீட்டுக்காரர் பழைய பத்திரத்திலேயே சாட்சிக் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறுபடியும் ஒன்று போட்டார். மூடி விவகாரத்தில் அவர் பங்கை நான் போனில் நினைவுபடுத்தினேன். "ஆமா, தொட்டிய மூடணும்ல" என்றார்.

இரண்டு வருஷம் கழித்து ஊருக்கு வந்தேன். வந்த அன்றே அண்ணி ஒரு மஞ்சள் பையோடு வந்தார். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, ரசீது எல்லாம் தேதிவாரியாக அடுக்கியிருந்தது. "எண்ணிப் பாத்து வாங்கிக்க. பின்னால மூடி இல்ல, கைப்பிடி இல்லன்னு சொல்லக் கூடாது" என்றார். அடியில் மடித்த ஒரு ஜெராக்ஸ் தாள் இருந்தது. எந்த ஆபீசில் எது கொடுத்தாலும் ஒரு ஜெராக்ஸ் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். பிரித்துப் படித்தேன்.

"மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் சமூகத்துக்கு, மஸ்கட்டில் இருக்கும் வாதிக்காக அவருடைய பவர் ஏஜென்டு எழுதிக்கொள்ளும் ராஜினாமா. என் நாத்தனார் மேல் நான் ஆத்திரத்தில் கட்டிய பிராது பொய். மூடி எங்கள் வீட்டுத் தொட்டியின் மேலேயே இருந்தது. எனக்கு வாய் நீளம், புத்தி குட்டை. நாத்தனாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாத்தனாரும் மன்னித்துவிட்டார். இது யாவும் நானே நேரில் சொன்னது போல என்னைக் கட்டுப்படுத்தும். சாமி கோபத்தை மனையில் காட்ட வேண்டாம். ஒண்டியாக அவ்வளவு தூரம் போய்க் கஷ்டப்படுகிற பெண். மனை நல்லபடியாக முடிய வேண்டும். தூரம் ஆறு கிலோமீட்டர், எட்டு அல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறியது.

"அண்ணி, நான்..." என்று ஆரம்பித்தேன்.

"அதான் உனக்குப் பதிலா நானே எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்ல? மன்னிச்சும் வுட்டாச்சி. முடிஞ்ச கேசத் தெறக்காத. காப்பி போடு."

பவரை ரத்து பண்ணிவிடு, பண்ணிவிடு என்று அதன் பிறகு அவர் எத்தனையோ தடவை சொன்னார். நான் இன்று வரை பண்ணவில்லை. இந்த ஒன்றையாவது வேண்டுமென்றே தள்ளிப் போடுகிறேன்.

வீடு கட்டி முடித்தோம். முதல் ஆணியை நானே அடித்தேன், சிமெண்டு பெயர்ந்து விழுந்தது, ஒருவரிடமும் கேட்கவில்லை. புதுமனை புகுவிழாவுக்கு நூறு பேருக்கு மேல் வந்தார்கள். அந்தப் பழைய குண்டானில், பேர் வெட்டிய அதே மூடியைப் போட்டு, அண்ணிதான் விடியற்காலையிலிருந்து இட்லி அவித்தார். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு பாத்திரங்களை எண்ணினேன். குண்டான் இருந்தது, தட்டுகள் இருந்தன, மூடி இல்லை.

மாடிக்கு ஏறித் தொட்டியைப் பார்த்தேன். அங்கே இல்லை. வீட்டுக்காரரைக் கேட்டேன். சத்தியமாக எடுக்கவில்லை என்றார். அடுத்த வாரம் அண்ணி வீட்டுக்குப் போனபோது அவர் அடுப்பில் ஒரு குண்டான் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் தலையில் என் அம்மா பேர்.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதை அண்ணி கவனித்தார். நகத்தால் அந்த மூடியை ஒரு தட்டுத் தட்டினார்.

"எடுக்காமலே ஒரு வருசம் திருடிப் பட்டம் சொமந்தேன்" என்றார். "அது வீணாப் போவலாமா? இப்ப எடுத்துட்டேன். வேணும்னா போயி பிராது கட்டிக்க. ஆறு கிலோமீட்டரு."

நான் தரையில் உட்கார்ந்து ஆறு இட்லி சாப்பிட்டேன். என் வீட்டில் இன்றைக்கும் தாம்பாளத்தைக் கவிழ்த்துத்தான் அவிக்கிறேன்.